ஞாயிற்றுக்கிழமை டோர்வல் பஸ்

மொன்றியல் மெட்ரோ நிலையத்தை விட்டுப் புறப்படும்போது மூன்று சுரங்கள் கேட்கும். மோட்டாருக்கு மின்சாரம் ஏறும்போது தானாக எழும் ஒலி அது என்று பின்னாளில் வாசித்தேன். எண்பதுகளின் நடுவில், அகதியாக வந்து இறங்கிய புதிதில், பயணிகளுக்காக யாரோ மெட்டமைத்து வைத்திருக்கிறார்கள் என்றே நம்பினேன். எங்கள் வீட்டில் இருந்த மற்றவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். ஜெர்மனி அண்ணை மட்டும் அந்தச் சுரங்களில் மயங்கவில்லை.

"பாட்டுப் போடுறதை விட்டிட்டு பஸ்ஸை ஒழுங்கா விட்டிருக்கலாம்" என்றார்.

அவர் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர். மேற்கு ஜெர்மனியில் மூன்று வருடம் அகதி முகாமில் இருந்துவிட்டு, அங்கே வழக்கு நிராகரிக்கப்படும் என்று தெரிந்ததும் கனடாவுக்கு வந்தவர். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்று மாடி வீட்டின் மேல்தளத்தில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். அவரைத் தவிர மற்ற எல்லோரும் கொழும்பில் விமானம் ஏறி நேராக வந்தவர்கள். அதனால் ஐரோப்பா பற்றிய எந்தக் கேள்விக்கும் அவரே இறுதிப் பதில். பகலில் ஜான்-டலோன் சந்தையில் ஓர் இத்தாலியரின் காய்கறிக் கடையில் பெட்டி இறக்கும் வேலை. மாலையில் கத்தரிக்காயும் நசுங்கிய தக்காளியுமாக வந்து, சமைக்கும்போது பஸ்ஸைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவார்.

அங்கே ஒவ்வொரு தரிப்பிலும் கண்ணாடிக்குள் நேர அட்டவணை இருக்குமாம். இங்கே ஒரு கம்பமும் அதில் ஒரு பஸ் படமும் ஓர் எண்ணும்தான். அங்கே ஒரு பயணச்சீட்டை அடித்துவிட்டால் அது முடியும் நேரம் வரை ரயில், ட்ராம், பஸ் எல்லாவற்றிலும் ஏறலாமாம். மறிக்கும் கதவு கிடையாதாம். சாதாரண உடையில் ஒருவர் திடீரென்று வந்து சீட்டைக் கேட்பாராம். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே ரயில் பிந்தினால் பஸ் நிற்குமாம். ரயிலில் இருந்து இறங்குபவர்கள் ஏறும்வரை பஸ் சாரதி கதவை மூடமாட்டாராம். இதைச் சொல்லும்போது மட்டும் அகப்பையைக் கீழே வைத்துவிடுவார்.

அவர் மொன்றியலில் முதல் வாரம் பட்ட அவமானமும் இதோடு சேர்ந்தது. இங்கே மெட்ரோவில் இருந்து பஸ்ஸுக்கு மாற ஒரு துண்டு வேண்டும். ட்ரான்ஸ்பர் என்போம். அதை மெட்ரோவுக்குள் நுழைகிற நிலையத்திலேயே, மஞ்சள் இயந்திரத்தை அழுத்தி எடுக்க வேண்டும். அவர் இறங்கிய நிலையத்தில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். சாரதி துண்டைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அண்ணை ஜெர்மன் மொழியில் வாதாடினார். சாரதி பிரெஞ்சில் பதில் சொன்னார். கடைசியில் அண்ணை இறங்கி, பனியில் நடந்து வீட்டுக்கு வந்தார். இயந்திரத்தை உள்ளே வைத்தவனுக்கு வெளியே போகிறவனைத் தெரியாது என்பது அவருடைய முடிவு.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவன். வாசகர் கடிதங்கள் என் மேசைக்குத்தான் வரும். அவற்றில் பாதி பஸ் பற்றியவை. அதனால் ஒருவர் பஸ்ஸைக் குறை சொல்லும்போது அதில் எவ்வளவு பஸ், எவ்வளவு அவர் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு இருந்தது. அண்ணை சொன்னதில் மூன்றில் இரண்டு பஸ் என்று மதிப்பிட்டிருந்தேன்.

எங்கள் ஊரில் பஸ் காத்திருப்பது கொண்டக்டரின் மனதைப் பொறுத்தது. ஒழுங்கையிலிருந்து ஒருவர் ஓடி வருவது தெரிந்தால் மணி அடிக்கமாட்டார். ஓடி வருபவரை ஏசிக்கொண்டே காத்திருப்பார். அது ஒரு முறை. அண்ணை சொன்னது இன்னொரு முறை. மொன்றியலில் இரண்டும் இல்லை. ஆனால் இது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை, கீழ்வீட்டு அக்காவின் ஞாயிற்றுக்கிழமையைப் பார்க்கும்வரை.

அக்கா மட்டக்களப்பு. கீழ்த்தளத்தில் ஒரு திருகோணமலைக் குடும்பத்தோடு ஓர் அறையில் இருந்தா. கணவர் இல்லை. எப்படி இல்லாமல் போனார் என்று நாங்கள் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை. பதினொரு வயது மகன் ஒருவன் ஊரில் அவவின் தங்கையோடு இருந்தான். அவனைக் கூப்பிட வேண்டும். அதற்கு நிரந்தர வேலை ஒன்றைக் காட்டினால் விண்ணப்பம் பலமாக இருக்கும் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். இலையுதிர் காலம் முடியும் நேரத்தில் டோர்வல் விமான நிலையத்தடியில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் ஒரு சமையற்கூடத்தில் அவவுக்கு வேலை கிடைத்தது. தட்டில் ரொட்டி, வெண்ணெய், சலாட் அடுக்கும் வேலை. வசந்தம் தொடங்கும்வரை பரீட்சைக் காலம். அதைத் தாண்டினால் நிரந்தரம்.

புதிதாக வந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை கட்டாயம். அதனால் கோவில் போய்விட்டது என்று அக்கா முதலில் வருந்தினா. கிறிஸ்தவர்கள் தேவாலயத்தைக் கோவில் என்பது மட்டக்களப்பு வழக்கம். பிறகு வருந்த வேறு காரணம் வந்தது.

கிழமை நாட்களில் சிக்கல் இல்லை. மெட்ரோவில் மேற்கே போய், அங்கிருந்து ஒரு பஸ்ஸில் டோர்வல் ரயில் நிலையத்தடிக்குப் போய், அங்கே இன்னொரு பஸ் ஏறினால் சமையற்கூடத்து வாசல். ஒன்று போனால் இன்னொன்று வரும். ஞாயிறு காலையில் அந்த இரண்டாவது, விமான நிலையப் பஸ் மணித்தியாலத்துக்கு ஒன்றுதான். நகரத்திலிருந்து வரும் பஸ் ரயில் பாதைக்குக் கீழான சுரங்க வழியில் தலைகாட்டும்போது, விமான நிலையப் பஸ் தரிப்பை விட்டுக் கிளம்பும். கடதாசியில் பார்த்தால் இரண்டும் சரியான நேரத்துக்கே ஓடின. ஒன்றையொன்று தெரியாமல் ஓடின, அவ்வளவுதான். முதல் மெட்ரோவைப் பிடித்தாலும் அந்த நகரப் பஸ்தான் கிடைக்கும். அதற்கு முந்திய வழி கிடையாது.

இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. நான் அதே விமான நிலையத்தில் இரவில் தரை துடைக்கும் வேலை செய்தேன். ஞாயிறு காலையில் வேலை முடிந்து, விமான நிலையப் பஸ்ஸில் ரயில் நிலையத்தடியில் வந்து இறங்குவேன். அக்கா வரும் நகரப் பஸ்தான் திரும்பி என்னை ஏற்றிக்கொண்டு போகும். ஆகவே நான் இறங்கிய பஸ் சில நிமிடம் நின்றுவிட்டுப் புறப்படுவதையும், எதிரே அக்காவின் பஸ் வருவதையும், முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் அக்கா எழுந்து நிற்பதையும் ஒரே பார்வையில் காண்பேன். இறங்கி வருவா. ஓடமாட்டா. ஓடிப் பயனில்லை என்று தெரியும்.

"பஸ் போற புகையத்தான் மனே நான் ஞாயித்துக்கிழமையில பாக்கிறன்" என்பா. மகனே என்பது அவவின் வாயில் மனே.

அங்கிருந்து நடக்கலாமா என்று பார்த்தோம். நெடுஞ்சாலை, கம்பி வேலி, நடைபாதை இல்லாத ஓரம், அதில் பனி வழிக்கும் வண்டி ஒதுக்கிய குவியல். டாக்சிக்குக் கொடுத்தால் அன்றைய உழைப்பில் பாதி போய்விடும். பக்கத்து வீட்டில் கார் வைத்திருந்த ஒருவர் இரண்டு ஞாயிறு கொண்டுபோய் விட்டார். மூன்றாவது ஞாயிறு குளிரில் அவருடைய கார் இயங்கவில்லை. அக்காவின் மேற்பார்வையாளர் ஒரு போர்த்துக்கேயப் பெண். கெட்டவள் அல்ல. விமானம் சாப்பாட்டுத் தட்டுக்காக நிற்காது என்று மட்டும் சொல்லிவிட்டு, இன்னொரு முறை பிந்தினால் பரீட்சைக் காலம் அத்தோடு முடியும் என்றாள்.

அன்று மாலை எங்கள் குசினியில் கூட்டம் கூடியது. அக்கா கதிரையில் இருந்தா. நாங்கள் சுவரோடு நின்றோம். கார் வாங்குவதுதான் வழி, இந்த நாடு காருக்காகக் கட்டியது என்றார் ஒருவர். ஜெர்மனி அண்ணைக்குக் கோபம் வந்தது. பஸ் பிழை என்றால் பஸ்ஸைத் திருத்த வேண்டும், எல்லோரும் கார் வாங்குவது திருத்தம் அல்ல என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, பஸ் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். தானே சொல்லச் சொல்ல எழுத வேண்டுமாம். தரிப்பில் நேரத்தை ஒட்டுவது, அதே துண்டில் திரும்பி வர விடுவது, பஸ்ஸுக்குப் பஸ் காத்திருப்பது என்று அடுக்கிக்கொண்டு போனார்.

"ஞாயிற்றுக்கிழமையும் மனிசர் வேலைக்குப் போறவை எண்டும் எழுதும்" என்றார்.

நான் கடைசி இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டினேன். நீண்ட கடிதத்தை யாரும் வாசிக்கமாட்டார்கள். அவருக்கு அதில் மனவருத்தம். "நீர் பேப்பரில இருந்து என்ரை ஐரோப்பாவைக் குப்பையில போட்டிட்டீர்" என்றார். பிரெஞ்சு வகுப்பு ஆசிரியை திருத்திக் கொடுத்தா. பல கிழமை கழித்துப் பதில் வந்தது. எங்கள் அக்கறைக்கு நன்றி, கவனத்தில் எடுத்துக்கொண்டோம் என்று இருந்தது. அந்த வாசகத்தின் தொனி எனக்குத் தெரியும். நானும் அந்தத் தொனியில் பலருக்குப் பதில் எழுதியவன்.

கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் இரண்டு ஞாயிறு வந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே கூட்டம் கூடிய அன்றிரவே அண்ணை இன்னொரு யோசனை சொன்னார். பஸ் தானாக நிற்காவிட்டால் நிற்பாட்ட வேண்டும். நிற்பாட்டக்கூடிய இடத்தில், நிற்பாட்டக்கூடிய நேரத்தில் இருக்கிற ஒரே ஆள் நான்.

எப்படி நிற்பாட்டுவது என்று நெடுநேரம் ஆலோசித்தோம். சில்லறையை ஒவ்வொன்றாகப் போடலாம். வழி கேட்கலாம். ஆனால் நான் அந்தப் பஸ்ஸிலிருந்துதான் இறங்குகிறேன். இறங்கியவன் திரும்ப ஏறிக் காசு போடுவதும் வழி கேட்பதும் சரிவராது. கடைசியில் கையுறை என்று முடிவாயிற்று. இறங்கிய பிறகு, கையுறையைச் சீட்டடியில் விட்டுவிட்டேன் என்று சாரதியிடம் சைகை காட்டி, திரும்ப ஏறித் தேட வேண்டும். நகரப் பஸ் சுரங்க வழியைத் தாண்டும்வரை தேட வேண்டும்.

முதல் ஞாயிறு அப்படியே செய்தேன். குனிந்து ஒவ்வொரு சீட்டுக்கும் கீழே பார்த்தேன். அக்கா வந்து ஏறினா. என்னைத் தெரியாதவ போல் முன் சீட்டில் இருந்து ஜன்னலைப் பார்த்தா. நான் இறங்கினேன். பஸ் போனது. அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. சாரதி நரைத்த மீசையும் பெருத்த உடம்புமான ஒரு கியூபெக் மாகாணத்துக்காரர். ஸ்டீரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கண்ணாடியில் என்னைப் பார்ப்பார்.

நான்காவது ஞாயிறு நான் சீட்டடியில் குனிந்திருக்கும்போது அவர் பேசினார். என் அரைகுறைப் பிரெஞ்சுக்காக மெதுவாகவே பேசினார்.

"ஐயா, நீங்கள் ஞாயிறு தவறாமல் கையுறையைத் தொலைக்கிறீர்கள். இரண்டும் உங்கள் கையில்தான் இருக்கின்றன."

பார்த்தேன். இருந்தன. அன்று குளிர் கடுமை. கழற்ற மறந்துவிட்டேன். அவர் நாடியை நீட்டிச் சுரங்க வழியைக் காட்டி, அந்தப் பெண் வருகிறாளா என்று கேட்டார். வருகிறா என்றேன். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று ஒரு சிகரெட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

சொல்லியிருக்கலாம். குசினியில் ஐந்தாறு பேர் கூடி இரவெல்லாம் யோசித்தும் அது ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு ஆள் வருது, கொஞ்சம் பொறுங்கோ என்று ஊரில் கொண்டக்டரிடம் எத்தனை முறை கேட்டிருப்போம். ஆனால் கொண்டக்டர் அழுக்குச் சட்டை போட்டவர். இவர் சீருடை போட்டு, தொப்பி வைத்தவர். ஊரில் எங்கள் கடைசி வருடங்களில் பஸ் வாசலில் சீருடையோடு நின்றவர்கள் கேள்வி கேட்பார்கள். நாங்கள் பதில் சொல்லுவோம். அவர்களிடம் நாங்கள் எதையும் கேட்டது கிடையாது. அந்தப் பழக்கம் எங்களோடு விமானம் ஏறி வந்திருந்தது.

அதற்குப் பின் வந்த வாரங்களை நினைக்கும்போது எனக்கு வெளிச்சம்தான் முதலில் ஞாபகம் வருகிறது. பனிக்காலத்து ஞாயிறு காலையின் வெளிறிய வெளிச்சம். ரயில் நிலையக் கூரையில் நீண்ட பனிக்கூர்கள். சாரதி பஸ்ஸுக்கு வெளியே நின்று புகைப்பார். நான் பக்கத்தில் நிற்பேன். நகரப் பஸ் சுரங்க வழியில் தெரிந்ததும் சிகரெட்டைக் காலால் அணைத்துவிட்டு ஏறி இருப்பார். அக்கா இறங்கி, சால்வையைச் சரிசெய்துகொண்டு, நடந்து வருவா. போன்ஜூர் மிசியே என்பா. அவர் போன்ஜூர் மதாம் என்பார். பஸ் கிளம்பும். நான் நகரப் பஸ்ஸில் ஏறி, சூடான சீட்டில் தூங்கிப்போவேன். ஒரு நாள் அக்கா அவருக்கு வட்டிலப்பம் கொடுத்தா. அது என்ன என்று என்னிடம் கேட்டார். முட்டையும் சர்க்கரையும் என்றேன். அடுத்த வாரம் கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுவந்தார்.

ஒரு பஸ் இன்னொரு பஸ்ஸுக்காக நிற்பதைத் தானும் பார்க்க வேண்டும் என்று ஜெர்மனி அண்ணை ஒரு ஞாயிறு அக்காவோடு வந்தார். சந்தைக்கு அன்று பிந்திப் போவதாக இத்தாலியரிடம் சொல்லியிருந்தார். நகரப் பஸ்ஸிலிருந்து இறங்கி, மேலங்கிப் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு நின்றார். அக்கா ஏறினா. கதவு மூடியது. பஸ் வளைந்து மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம். இப்பிடித்தான்" என்றார்.

திரும்பி வரும்போது பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். ஜெர்மனியில் எந்த இடத்தில் அப்படி மாறி ஏறுவீர்கள் என்று கேட்டேன். சும்மா கேட்டதுதான்.

"நான் ஒருக்காலும் மாறி ஏறேல்லை" என்றார்.

பிறகு சொன்னார். அவருடைய முகாம் ஒரு சின்ன ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்தது. அகதி வழக்கு முடியும்வரை அந்த மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டுவதென்றால் அந்நியர் அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி எடுக்க வேண்டும், அது இலகுவில் கிடைக்காது. வேலை செய்யவும் அனுமதி இல்லை. ஆகவே காலையும் மாலையும் முகாம் மதிலில் சாய்ந்து நின்று, ரயில் வருவதையும் பஸ் அதற்காக நிற்பதையும் சனங்கள் இறங்கி ஏறுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். தரிப்புக் கண்ணாடிக்குள் இருந்த அட்டவணை அவருக்கு மனப்பாடம். அந்தப் பஸ்கள் போன ஊர்களில் ஒன்றையும் அவர் கண்டதில்லை.

"அங்கை பஸ் வரும். எனக்குப் போக ஏலாது. இஞ்சை நான் எங்கையும் போகலாம். பஸ்தான் வராது" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் அவர் சொன்னதில் எவ்வளவு பஸ், எவ்வளவு அவர் என்று போட்டிருந்த கணக்கை அன்று மாற்றிக்கொண்டேன்.

புத்தாண்டு கழிந்தது. ஒரு ஞாயிறு நான் வந்த பஸ்ஸை வேறொருவர் ஓட்டிவந்தார். இளைஞர். சாரதிகள் சில மாதங்களுக்கு ஒருமுறை தங்கள் வழியைத் தெரிவு செய்வார்களாம். மீசைக்காரர் கிழக்கே துறைமுகப் பக்கம் ஒரு வழியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய வீட்டுக்கு அது கிட்டவாம்.

இந்த முறை நான் கையுறையைத் தேடவில்லை. நேராகவே சொன்னேன். ஒரு பெண் வருகிறா, அந்தப் பஸ்ஸில், ஒரு நிமிடம். இளைஞர் மரியாதையாகக் கேட்டார். பிறகு கைக்கடிகாரத்தைக் காட்டி, இந்த வழியில் அடுத்த தரிப்புகளில் நிற்பவர்களும் குளிரில்தான் நிற்கிறார்கள், அவர்களுக்கும் வேலை இருக்கிறது என்றார். அவர் கதவை மூடினார். நகரப் பஸ் சுரங்க வழியிலிருந்து வெளிவந்தது. அக்கா கண்ணாடிக்குப் பக்கத்தில் எழுந்து நின்றா.

அன்று அக்கா நடந்தா. நான் கூடப் போக வெளிக்கிட்டேன், நீ இரவு முழுக்க நித்திரையில்லாதவன், வீட்ட போ மனே என்று துரத்திவிட்டா. நெடுஞ்சாலை ஓரத்தால், வண்டி ஒதுக்கிய பனிக்கு மேலால் நடந்து, பாவாடை முழங்கால்வரை நனைந்து போய்ச் சேர்ந்தா. போர்த்துக்கேயப் பெண் அந்தப் பாவாடையைப் பார்த்தாளாம். பார்த்துவிட்டு, இன்று மட்டும் நான் மணியைப் பார்க்கவில்லை, அடுத்த ஞாயிறு பார்ப்பேன் என்றாளாம்.

பரீட்சைக் காலம் முடிய இன்னும் ஏழெட்டு ஞாயிறு இருந்தது. எங்கள் குசினி மறுபடி கூடியது. ஜெர்மனி அண்ணை வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். மீசைக்காரரைத் தேடிப் போய்க் கதைப்போமா என்று ஒருவர் கேட்டபோதுதான் நிமிர்ந்தார்.

"அவர் நல்ல மனிசன். ஆனா அங்கை மனிசன் காத்திருக்கிறேல்லை, நேர அட்டவணைதான் காத்திருக்கும். ஆள் மாறினாலும் அது மாறாது. இஞ்சை ஆள் மாறினா எல்லாம் போச்சு" என்றார்.

இன்றுவரை இரண்டு கண்டத்துப் போக்குவரத்தையும் ஒப்பிட்டு நான் வாசித்தவற்றில் இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. ஆனால் அன்று அது ஒருவருக்கும் உதவவில்லை. வழியைக் கண்டுபிடித்தது அக்காதான்.

சனிக்கிழமை மாலைப் பஸ்கள் ஒழுங்காக ஓடும். நான் வேலைக்குப் போகும் பஸ்ஸில் தானும் வருவதாகச் சொன்னா. இரவை விமான நிலையக் கட்டடத்துக்குள் கழித்துவிட்டால், காலையில் ஊழியர் பாதையால் சமையற்கூடத்துக்கு நடந்து போகலாம். ஆனால் சும்மா ஒரு பெண் இரவெல்லாம் அங்கே இருந்தால் காவலாளி கேட்பார். அதற்கும் யோசித்து வைத்திருந்தா. ஊரிலிருந்து வந்தபோது கொண்டுவந்த மண்ணிறச் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு வந்தா. உள்ளே வெள்ளைச் சீருடை, தலை வலை, வேதாகமம், பிட்டும் சம்பலும் வைத்த பிளாஸ்டிக் டப்பா.

விமான நிலையத்தில் பெட்டியோடு இருப்பவரை யாரும் ஏன் இருக்கிறீர் என்று கேட்பதில்லை. முதல் சனிக்கிழமை நான் தரை கூட்டும்போது கிடந்த, பயணப் பெட்டியில் ஊர்ப்பெயரோடு கட்டும் ஒரு துண்டை எடுத்து, அக்காவின் சூட்கேசின் பிடியில் கட்டிவிட்டேன்.

"எந்த ஊருக்கு மனே டிக்கட்?" என்று கேட்டா.

"வன்கூவர், அக்கா."

"தூரமா?"

"தூரம்தான்."

"அப்ப மறுகா போவம்" என்று சொல்லிவிட்டு, கால்களை நீட்டிச் சால்வையால் மூடிக்கொண்டா.

ஒரு பஸ் ஒரு நிமிடம் காத்திராததால் ஒரு பெண் ஓர் இரவு காத்திருந்தா. செய்தித்தாளில் இருந்திருந்தால் இதைத்தான் தலைப்பாகப் போட்டிருப்பேன். நான் துடைப்பான் வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் பார்ப்பேன். சில வேளை வாசித்துக்கொண்டிருப்பா. சில வேளை ஒரு கையைப் பெட்டியில் வைத்தபடி நித்திரை. புறப்பாட்டு மண்டபத்தில் ஒரு வயதான காவலாளி இருந்தார். சனி தவறாமல் அதே பெண், அதே பெட்டி, அதே நாற்காலி. அவர் கவனித்திருக்கமாட்டார் என்று நான் சொல்லமாட்டேன். காலையில் அக்கா முகம் கழுவி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகும்போது தொப்பியைத் தொட்டு, "போன் வொயாஜ், மதாம்" என்பார். பயணம் நல்லபடி அமையட்டும் என்று அர்த்தம். அக்கா மெர்சி என்பா. விமானங்கள் இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக நடந்து போவா.

ஒரு ஞாயிறும் பிந்தவில்லை. பனி உருகத் தொடங்கிய நாட்களில் பரீட்சைக் காலம் முடிந்தது. அக்கா அதை எங்களிடம் சொன்ன விதம் ஞாபகம் இருக்கிறது. மாலையில் மேலே வந்து, எங்கள் குசினிக் கதிரையில் இருந்து, முதலில் தண்ணீர் கேட்டுக் குடித்தா. பிறகு நிரந்தரமாக்கி விட்டார்கள் என்றா. இனிமேல் கிழமை நாள் வேலை, ஞாயிறு லீவு, கோவிலுக்குப் போகலாம் என்றா. மகனுக்கான விண்ணப்பம் அந்த வாரமே போனது. அவன் அடுத்த வருடம் வந்தான். இப்போது அவனுக்கு அக்காவின் அன்றைய வயதைவிட அதிகம்.

ஜெர்மனி அண்ணை தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, அக்காவின் ஞாயிறு வேலைக்கு இனி ஆர் வருவினம் என்று கேட்டார். அவர் அப்படித்தான் கேட்பார் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"புதிசா ஒரு பிள்ளை எடுத்திரிக்காங்க. ஹெயிட்டிக்காரி. மொன்றியல் வடக்கில எங்கயோ இரிக்காளாம்" என்றா அக்கா.

"அவளுக்கும் அந்தப் பஸ்தானே?"

"அந்தப் பஸ்தான்."

அண்ணை கோப்பையைக் கழுவத் தொடங்கினார். நாங்கள் மகிழ்ச்சியாக இருக்க வேண்டிய நேரத்தில் இவர் ஏன் இதைக் கேட்டார் என்று மற்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அக்கா சுளிக்கவில்லை.

"நான் அவளுக்குச் சொல்லிக் குடுத்திட்டன் தம்பி. சூட்கேசையும் குடுத்திட்டன்" என்றா.

அந்தச் சனிக்கிழமை புறப்பாட்டு மண்டபத்தைத் துடைக்கும்போது அந்த நாற்காலியில் ஒரு கறுப்பு இளம்பெண் இருந்தாள். நிமிர்ந்து, விறைத்து, யாராவது வந்து கேட்பார்களோ என்ற முகத்தோடு. மண்ணிறப் பெட்டி காலடியில் இருந்தது. காவலாளி தன் சுற்றில் அந்தப் பக்கம் வந்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். வாசல்வரை போய், குளிர் காற்று உள்ளே வந்துகொண்டிருந்த கதவை இறுக்கிச் சாத்திவிட்டு, தன் சுற்றைத் தொடர்ந்தார்.